அம்பாசடர் இன்ஜினுக்கு ரெட் ஆக்சைடு அடிக்கலாமா?

நாலுசிலிண்டர்:
நேத்து இன்னொரு திரியில அம்பி1489 எழுதினது இது: "பழைய 1489 சிசி அம்பாசடர் இன்ஜினைச் சுத்தம் பண்ணி ஒரு கோட் ரெட் ஆக்சைடு, மேல ரெண்டு கோட் சிந்தெடிக் எனாமல். வருஷக்கணக்கா அசையாது." இதை நம்பி நாலு பேர் கடைக்கு ஓடுவாங்க, அதனாலதான் தனித்திரி. ரெட் ஆக்சைடுங்கறது துரு தடுக்க அடியில அடிக்கற ப்ரைமர், ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் உண்டான சரக்கு. சூடு ஏற ஏற காய்ஞ்சு நொறுங்கும், மேல அடிச்சதையும் சேர்த்து இழுத்துட்டு வரும். இன்ஜினுக்கு ஹீட் ரெசிஸ்டன்ட் பெயிண்ட், வெறும் இரும்பு மேல நேரா. அவ்வளவுதான்.

அம்பி1489:
பிளாக், அதான் சிலிண்டர் இருக்கற வார்ப்பிரும்பு உடம்பு, அவ்வளவு சூடு எங்க சார் ஆகுது? உள்ள தண்ணி ஓடுது. தண்ணியை ரேடியேட்டருக்கு விடற தெர்மோஸ்டாட் 80 டிகிரியை ஒட்டித் திறந்துடும். வெளிச்சுவர் நூறைத் தொடுறதே அபூர்வம். அதை ரெட் ஆக்சைடு தாங்கும். நீங்க சொல்ற ஹீட் ரெசிஸ்டன்ட், அதாவது 600 டிகிரி தாங்கற சிலிக்கான் பெயிண்ட்தான் பிளாக்குல நிக்காது. அது முழுசா இறுகணும்னா 200 டிகிரி சூடு வேணும். அந்தச் சூட்டை பிளாக் ஆயுசுக்கும் பார்க்காது. கார்புரேட்டர்ல இருந்து ஒரு சொட்டு பெட்ரோல் வழிஞ்சா போதும், வழிஞ்ச கோட்டுல இரும்பு தெரியும்.

நாலுசிலிண்டர்:
இந்த இன்ஜினை வடிவமைச்ச பிரிட்டிஷ் கம்பெனி பி.எம்.சி.யோட ஹெட்டை, அதான் பிளாக் மேல உட்கார்ற பாகத்தை, திருப்பிப் பார்த்திருக்கீங்களா? எக்ஸாஸ்ட் போர்ட், அதாவது புகை வெளிய போற துளை, மூணுதான். நடுவுல இருக்கறது 2, 3 சிலிண்டர் ரெண்டுக்கும் பொது. அந்த இடத்துல மேனிஃபோல்டு ஃபிளாஞ்சை, அதான் புகைக்குழாய் ஹெட்டோட சேர்ற விளிம்பைச் சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்கு உங்க ரெட் ஆக்சைடு முதல்ல பழுப்பாகும், அப்புறம் செதில் செதிலா எழும்பும். நகத்தால தட்டினா உதிரும். அடியில செங்கல் பொடி மாதிரி ரெட் ஆக்சைடு தூள். இதுக்கு பதில் சொல்லுங்க.

அம்பி1489:
நான் எழுதினது பிளாக். நீங்க பேசுறது மேனிஃபோல்டு.

நாலுசிலிண்டர்:
நீங்க எழுதின வார்த்தை "இன்ஜின்". மேல அப்படியே எடுத்துப் போட்டிருக்கேன். ரெட் ஆக்சைடு இன்ஜினுக்கு ஆகாது.

கிரீஸ்கை:
ரெண்டு பேரும் டப்பாவையே பார்க்கறீங்க. பெயிண்ட் உரியறதுல முக்கால்வாசி எண்ணெயால. வார்ப்பிரும்பு நுண்துளைக்குள்ள வருஷக்கணக்கா எண்ணெய் குடிச்சிருக்கும். மேல துடைச்சா சுத்தமா தெரியும், சூடானா வியர்த்து வெளிய வரும்.

முதல்ல சுரண்டியால கட்டிப்போன கிரீஸ், அப்புறம் மண்ணெண்ணெயும் வயர் பிரஷ்ஷும். அதோட நிறுத்தக்கூடாது, மண்ணெண்ணெயே ஒரு படலம் விடும். கொதிக்கிற தண்ணியில சோப்புத்தூள் கரைச்சு ரெண்டு தடவை தேய்ங்க. கம்ப்ரசர் காத்தால உடனே ஊதுங்க, இல்லேன்னா கொஞ்ச நேரத்துல ஆரஞ்சு கலர்ல துரு பூக்கும். பிறகு ஹாட் ஏர் கன்னால கை வைக்க முடியாத அளவு சூடாக்கி, தின்னர்ல நனைச்ச வெள்ளைத் துணியால துடைங்க. தின்னரைத் தொடறதுக்கு முன்னால கன்னை அணைச்சு, இரும்பை ஆறவிடணும், தீப்பிடிக்கும். துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யணும்.

இன்னொண்ணு, மேனிஃபோல்டுக்குப் பின்னாடி ரெண்டு சைடு கவர் இருக்கு. கசிவு தடுக்க கார்க் கேஸ்கெட், நடுவுல ஒரே போல்ட். அதை முறுக்கித் தள்ளினா தகடு வளைஞ்சு எண்ணெய் கசியும். அந்தக் கசிவை நிறுத்தாம கீழ எந்தப் பெயிண்ட் அடிச்சாலும் வீண்.

தின்னர்வாசி:
இவ்வளவு எதுக்கு அண்ணே? காஸ்டிக் சோடா வெந்நீர்ல எல்லாப் பார்ட்டையும் ராத்திரி ஊறப்போட்டா காலையில பளிச்னு ஆயிடும்.

கிரீஸ்கை:
எல்லாப் பார்ட்டுமா? ஹெட் மேல மூடற டேப்பெட் கவர் இரும்புத் தகடு, அது சரி. கார்புரேட்டரையோ அலுமினிய மூடியையோ போட்டீங்கன்னா நுரை பொங்கிக் கருத்துப்போகும். காலையில எடுக்கறப்ப கேஸ்கெட் உட்கார்ற முகமே அரிச்சுப் போயிருக்கும். தம்பி, இப்படிப் பொத்தாம்பொதுவா எழுதாதீங்க, ஒருத்தர் பார்ட் போயிடும்.

தின்னர்வாசி:
அலுமினியத்தைப் போடச் சொல்லலையே நான். எல்லாத்துலயும் குற்றம் பிடிக்கணுமா?

கிரீஸ்கை:
"எல்லாப் பார்ட்டும்" உங்க வார்த்தைதான்.

நாலுசிலிண்டர்:
காஸ்டிக்கை விடுங்க. ரெட் ஆக்சைடு விஷயத்துக்கு அம்பி இன்னும் பதில் சொல்லலை. கூலண்ட் திரியிலயும் இதே கதைதான். பச்சைத் தண்ணி போதும்னு எழுதிட்டு, பிளாக்குல தண்ணி வழியை அடைக்கற தகடு மூடி, வெல்ச் பிளக், துருப்பிடிச்சு ஓட்டை விழுமேன்னு கேட்டதும் ஆளைக் காணோம்.

அம்பி1489:
கூலண்ட்டை இங்க இழுக்கறது ஏன்? பதில் மேலயே இருக்கு. பிளாக், அடியில இருக்கற எண்ணெய்த் தொட்டி சம்ப், முன்பக்கச் செயினை மூடற டைமிங் கவர், டேப்பெட் கவர் எல்லாத்துக்கும் ரெட் ஆக்சைடு நிக்கும். மெல்லிசா ஒரே கோட், ஒரு ராத்திரி முழுக்கக் காயணும், 320 உப்புத்தாள் லேசா, மேல எனாமல் ரெண்டு கோட். கலக்கறது டர்பன்டைன் மட்டும். அவசரத்துக்கு, சீக்கிரம் காயற என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) தின்னர் கலந்து மேல அடிச்சா ரெட் ஆக்சைடு சுருங்கித் தோல் மாதிரி எழும்பும். அதைப் பார்த்துட்டுத்தான் பாதிப்பேர் ரெட் ஆக்சைடைத் திட்டறாங்க.

நாலுசிலிண்டர்:
இப்ப தின்னர் மேல பழி. முதல்ல சூட்டுக்கு நிக்கும்னீங்க. ஃபிளாஞ்சு பக்கத்துல நிக்குமா நிக்காதா?

அம்பி1489:
மேனிஃபோல்டுக்கு சிலிக்கான்னு நானும்தான் சொல்றேன்! மெல்லிய கோட், இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓட்டி ஆறவிட்டு, அடுத்து இருபது நிமிஷம். தடிமனா அடிச்சு உடனே ஓட்டினா கொப்புளம் போடும். ஃபிளாஞ்சு முகத்துல எந்தப் பெயிண்ட்டும் கூடாது. இன்ஜினை பாடியோட இணைக்கற எர்த் ஸ்ட்ராப் போல்ட் இடத்தையும் டேப் ஒட்டி மறைக்கணும், மறந்தா ஸ்டார்ட்டர் முனகும்.

நாலுசிலிண்டர்:
மேனிஃபோல்டை நான் கேட்கலை. ஃபிளாஞ்சு ஒட்டியிருக்கற ஹெட்டைக் கேட்டேன். மூணாவது தடவை.

தின்னர்வாசி:
ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் வேற வேற பெயிண்ட் அடிச்சா நிறம் ஒத்துப்போகுமா?

நாலுசிலிண்டர்:
ரெட் ஆக்சைடு இல்லாம அடிச்சா ஒத்துப்போகும்.

அம்பி1489:
நிறத்துக்கும் ப்ரைமருக்கும் என்ன சம்பந்தம்?

நாலுசிலிண்டர்:
ரெண்டு விரல் அகலம். நடு போர்ட். பதில் வரட்டும்.