முதல் குட்டியைப் பிடித்துக் கொடுத்தது நான்தான்

2018-ல் எங்கள் டாபர்மேன் நாய் ராணி ஏழு குட்டி போட்டாள். இந்த வகை நாய்க்கு மொட்டை வால்தான் அழகு என்று குட்டியிலேயே வெட்டிவிடுவார்கள். மூன்றாம் நாள் காலையில் வால் வெட்டும் ஆள் வந்தார். பாளையங்கோட்டையில் எங்கள் பக்கம் டாபர்மேனோ ராட்வீலரோ குட்டி போட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பையில் கத்தரி, பஞ்சு, டிஞ்சர். மரத்துப்போக ஊசிகூட இல்லை. "கண்ணே தொறக்கல சார், இதுக்கு என்ன தெரியப்போகுது?" என்றார்.

முதல் குட்டியைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடம்பு, பால் வாசனை. கத்தரி இறங்கியதும் நாலு காலும் விறைத்து என் விரல்களை உதைத்தது. அந்தக் கத்தலைக் கேட்டு, பக்கத்து அறையில் அடைத்திருந்த ராணி கதவைப் பிறாண்ட ஆரம்பித்தாள். அடுத்த குட்டிக்கு அவர் கை நீட்டியபோது போதும் என்று சொல்லிவிட்டேன். பேசிய கூலியை முழுதாகக் கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம்தான் வேறு தொல்லை. குட்டி கேட்டு வந்தவர்கள் வாலைப் பார்த்ததும், "இது ஒரிஜினல் டாபர்மேன்தானா?" என்றார்கள். டாபர்மேன் வாலோடுதான் பிறக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. நம் நாட்டு நாய்களான சிப்பிப்பாறைக்கும் ராஜபாளையத்துக்கும் நீள வால்தானே அழகு என்று சொல்லிப் பார்த்தேன். பாதி விலைக்குத்தான் போயின.

வெட்டுப்பட்ட மணியையும், வாலோடு இருந்த கருப்பியையும் நாங்களே வைத்துக்கொண்டோம். தெருநாய் எதிரில் வந்தால் கருப்பி வாலைத் தாழ்த்தி மெதுவாக ஆட்டுவாள், அதுவும் விலகிப் போய்விடும். மணிக்கு அப்படிச் சொல்ல வழி இல்லை. இடுப்பை மட்டும் நெளிப்பான், எதிரில் நிற்கும் நாய்க்கு அது புரியாது, உறுமத் தொடங்கிவிடும்.

வேட்டைக்குப் போகும் நாய்க்கு முள்ளில் வால் கிழியும், அதனால் வெட்டலாம் என்பார்கள். இங்கிலாந்தில் 2007-ல் வால் வெட்டத் தடை வந்தபோதும் வேலை செய்யும் சில வகை நாய்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அதையும் பிறந்து ஐந்து நாளுக்குள் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். போர்டிகோவில் படுத்துக் கிடக்கும் நாய்க்கு எந்த முள் குத்தப்போகிறது?

தெருநாய்க்குக் காது நுனியை வெட்டுவதில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. அது கருத்தடை செய்யும்போது மயக்கத்தில் வைத்துச் செய்வது. மறுபடி பிடித்து அறுக்காமல் இருக்க அந்த அடையாளம். வால் வெட்டுவது வெறும் தோற்றத்துக்கு.

நம் நாட்டில் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவு, விலங்கை ஊனப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. மாட்டுக்குக் கொம்பு நீக்குவது, மூக்கணாங்கயிறு போடுவது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்குப் பட்டியலில் நாய் வால் இல்லை. ஆனால் முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். அன்றைக்கு ஒரு குட்டிக்கு நான் பேசிய கூலியே அதைவிட அதிகம். 'அழகுக்காக வால் வெட்டக் கூடாது' என்று சட்டத்தில் பெயர் சொல்லியே எழுத வேண்டும், வெட்டுபவரோடு வெட்டச் சொல்பவரையும் சேர்த்துத் தண்டிக்க வேண்டும். அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் அன்று நானும் மாட்டியிருப்பேன். அது சரிதான்.

இப்போதும் மணியைக் குளிப்பாட்டும்போது அந்த மொட்டை நுனியில் கை பட்டால் வெடுக்கென்று திரும்பி என் மணிக்கட்டைக் கவ்வுவான். கடிக்க மாட்டான். கையை எடுக்கும்வரை பிடித்துக்கொண்டே இருப்பான்.