நோய் தணிப்பு மையத்தில் இலவசக் குடும்பப் படம்: எதில் தப்பு வரும்?

கேள்வி – ஐம்பது_எம்எம்

வணக்கம். பக்கத்து ஊர் நோய் தணிப்பு மையத்தில் மாதம் இரண்டு ஞாயிறு, அங்கிருப்பவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் காசு வாங்காமல் படம் எடுத்து, பிரின்ட்டும் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. பெரும்பாலும் புற்றுநோய் முற்றியவர்கள். பத்துக் கட்டில் வார்டு, டியூப் லைட், பச்சைச் சுவர், ஒரு பக்கம் மட்டும் ஜன்னல். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமரா, 35, 50, 85 எம்எம் லென்ஸ், ஒரு ஃப்ளாஷ் இருக்கிறது. கல்யாண மேடையில் 60 பேரை நிறுத்தத் தெரியும், படுத்திருப்பவரை வைத்து எடுத்துப் பழக்கமில்லை. ஃப்ளாஷ் போடலாமா? மூக்கில் டியூப் இருந்தால் எடிட்டிங்கில் அழிப்பதா? ஆக்சிஜன் வைத்திருந்தால் என்ன கவனிக்க வேண்டும்?

பதில் – ஜன்னலோரம்

ஃப்ளாஷை பையிலேயே வையுங்கள். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி பவுன்ஸ் செய்தால் அந்தப் பச்சை முகத்தில் ஏறும். காமாலை இருப்பவருக்கு அது இன்னும் மோசம். திடீர் வெளிச்சம் அவர்களைத் திடுக்கிடவும் வைக்கும்.

கட்டிலின் சக்கர லாக்கை எடுத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் சாய்வாக விழும்படி திருப்பி, மறுபடி லாக் போடச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் இரண்டு டிரிப் ஸ்டாண்டுக்கு நடுவே வெள்ளை எட்டு முழ வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் போதும், ஒட்டிய கன்னத்தின் குழி நிழல் பாதியாகக் குறையும். கடையில் விற்கும் ரிஃப்ளெக்டரைவிட இதன் வெளிச்சம் மிருது. அந்தக் கட்டிலின் மேல் இருக்கும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாவிட்டால் ஷட்டர் வேகம் 1/100 அல்லது 1/50 நொடி. நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக் வைத்த டியூப் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/200க்கு மேல் போனால் ஒரு ஃப்ரேம் மஞ்சள், அடுத்தது பச்சை என்று வரும், பட்டையும் விழும்.

லென்ஸ் திறப்பு (அப்பர்ச்சர்) இருவர் மூவர் என்றால் எஃப்/4, இரண்டு வரிசை என்றால் எஃப்/5.6. ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 3200 வரை பயப்பட வேண்டாம், ஆடிய படத்தைவிடப் புள்ளி விழுந்த படம் மேல். 35 லென்ஸில் நோயாளியை ஓரத்தில் வைக்காதீர்கள், முகம் இழுபடும். கேமரா அவர் கண் மட்டத்தில் இருக்கட்டும். உறவினர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, முகங்களை ஒரு சாணுக்குள் கொண்டுவாருங்கள். நின்றால் அவர் மட்டும் கீழே தனியாகத் தெரிவார். கடைசியில் 85 லென்ஸில் கைகளை மட்டும் ஒன்று: பேரனின் விரலைப் பிடித்த கை, பிளாஸ்திரி, தளர்ந்த வளையல் எல்லாம் இருக்கட்டும்.

பதில் – வார்டு_அக்கா

தம்பி, நேரம்தான் முதல் விஷயம். வாய்வழி மார்ஃபின் மாத்திரை வழக்கமாக 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து வலி நன்றாக அடங்கியிருக்கும், அப்போது எடுங்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றிய உடனே வேண்டாம். வெளிச்சம், ஸ்டூல், சொந்தக்காரர்கள் எல்லாம் தயாரான பிறகுதான் அவரை எழுப்பவே வேண்டும். மொத்தம் 15 நிமிடம், அதற்குமேல் முகம் வாடிவிடும்.

முதுகுப் பக்கத்தை மெதுவாக 30 டிகிரி வரை உயர்த்தி, இரண்டு முழங்கைக்கு அடியிலும் தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று. இல்லாவிட்டால் கீழே சரிந்துகொண்டே போவார், படுக்கைப்புண் உராயும். இதையெல்லாம் நர்ஸ் செய்யட்டும், நீங்கள் தூக்காதீர்கள். யூரின் பேக்கைப் படத்துக்காகக் கட்டில் மேல் வைத்துவிடுவார்கள், அது கூடாது, சிறுநீர் திரும்ப மேலேறும். கீழேயே தொங்கட்டும், விரிப்பை இழுத்து மறைத்துவிடலாம்.

ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் கூடாது. “சாமி படத்துக்கு விளக்கேற்றி எடுக்கலாமே” என்று குடும்பம் கேட்கும், உறுதியாக மறுத்துவிடுங்கள். உதடு வெடித்திருந்தால் ஈரத் துணியால் ஒற்றினால் போதும், ஆக்சிஜன் இருக்கும்போது வாஸ்லின் வேண்டாம். மூக்கு டியூப்பை எடுக்கச் சொல்லாதீர்கள். அழுக்கேறிய பிளாஸ்திரியைப் புதிதாக மாற்றித் தரச் சொன்னால் முகமே மாறும். தொளதொள சட்டையை முதுகில் துணிக் கிளிப் போட்டு இழுத்துப் பிடியுங்கள். பிளவுஸ் சேராதவர்களுக்கு நைட்டி மேலேயே புடவையைப் போர்த்தலாம்.

பல வீட்டில் நோயின் நிலை அவருக்கே தெரியாது. அதனால் “கடைசி”, “நினைவு” என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. குடும்பப் படம், அவ்வளவுதான். மகன் சரி சொன்னாலும் அவரிடமும் நேரில் கேளுங்கள். தலையசைப்பே போதும், முகம் திருப்பினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

பதில் – பிரின்ட்_மேஜை

எல்லாரும் விட்டுவிடுவது தனிப்படம். பிறகு 12க்கு 18 இன்ச் ஃப்ரேம் தேவைப்படும்போது குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டித் தரச் சொல்வார்கள். 300 டிபிஐக்கு (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். எட்டுப் பேர் குரூப்பில் ஒரு முகம் சில நூறு பிக்சல்தான், பெரிதாக்கினால் மெழுகுபோல் ஆகும். அதனால் குரூப்புக்கு முன்பே, வெறும் வேட்டித் துணி பின்னணியில், தலைக்கு மேலும் தோளுக்குப் பக்கத்திலும் இடம் விட்டு ஒன்று. எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

டியூப் விஷயம்: இருப்பது, அழித்தது இரண்டும் கொடுத்துவிடுங்கள், அவர்களே எடுத்துக்கொள்வார்கள். மெலிவையும் வீக்கத்தையும் தொடாதீர்கள், வேறு ஆள் ஆகிவிடுவார். காமாலை மஞ்சளை முகத்திலும் கண் வெள்ளையிலும் மட்டும் கொஞ்சம் குறையுங்கள். சரிவராவிட்டால் கறுப்பு வெள்ளை.

பிரின்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கல்யாண ஆல்பம் போல ஒரு மாதம் எடுத்தால் பார்க்க அவர் இருக்கமாட்டார். கேனான் செல்ஃபி (SELPHY) மாதிரி சின்ன பிரின்டர் இருந்தால் 4க்கு 6 ஒன்று அங்கேயே, ஒரு நிமிட வேலை. பெரியது இரண்டு நாளில். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். சம்மதத் தாளில் வீட்டுப் பிரதி, மையத்தின் சுவர், இணையம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். டிக் இல்லாதது வெளியே போகக்கூடாது.

ஐம்பது_எம்எம்

மூவருக்கும் நன்றி. மையத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போகலாமா?

வார்டு_அக்கா

போகலாம், ஆனால் தனியாக வேண்டாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் நோய் தணிப்பு சிகிச்சையை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். வட்டாரத்தில் யார் போகிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, நர்ஸ் போகும் நாளிலேயே கூடப் போனால் மருந்து நேரமும் தெரியும், தூக்கி உட்காரவைக்க ஆளும் இருக்கும். கயிற்றுக் கட்டிலாக இருந்தால் காலை எட்டு மணிக்குள் அப்படியே திண்ணைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், வெயில் நேரே விழாத பக்கமாக.