ஃபியூனரல் டைரக்டருக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

எழுதுபவர்: டொரன்டோ மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

வட அமெரிக்காவில் நம் பெற்றோர் அதிகம் கேள்விப்படாத பட்டப்படிப்புகளைப் பற்றிய வழிகாட்டி நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். காப்பீட்டுக் கணிதம், ஒலிப் பொறியியல் எல்லாம் கடந்தாயிற்று. 'மார்ச்சுவரி சயின்ஸ்' வந்ததும் நின்றுவிட்டேன். இறந்தவர் உடலைப் பேணி இறுதிச்சடங்கை நடத்தித்தரும் தொழிலுக்கான படிப்பு இது; அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1908 முதல் நடத்திவருகிறது. உடற்கூறியல், நுண்ணுயிரியல், வேதியியல், உடல் கெடாமல் காக்கும் எம்பாமிங்குக்கான ஆய்வகம், சிதைந்த முகத்தை மெழுகால் சீராக்கும் கலை, துயர உளவியல், இத்தொழிலுக்கான சட்டம், கணக்கு என்று பாடங்கள் நீள்கின்றன. பிறகு தொழில் நடக்கும் இடத்திலேயே நேரடிப் பயிற்சி. இதற்குமேல் கலை, அறிவியல் என இரண்டு பகுதிகள் கொண்ட தேசியத் தேர்வில் தேறி, மாநில உரிமமும் பெற வேண்டும்.

இப்படிப் படித்து வெளியே வருபவரை என்னவென்று அழைப்பது? படிப்புக்கு என்ன பெயர்? நான் எழுதி வைத்திருப்பது 'இறுதிச்சடங்கு இயக்குநர்'. படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

எழுதுபவர்: கோவைப் பொறியாளர், செவ்வாய் காலை

சிரிப்பு நியாயமே. 'இயக்குநர்' என்றதும் நம் வாசகர் கண்முன் கேமரா வந்து நிற்கும். கதை, திரைக்கதை, வசனம் யார் என்று அடுத்துக் கேட்பார்.

'ஃபியூனரல் டைரக்டர்' என்று அப்படியே போட்டுவிட்டு அருகில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். பஸ்ஸையும் வங்கிச் செக்கையும் ஏற்றவர்களுக்கு இது ஒரு பாரமா? இவர்களும் தங்கள் பெயரில் ஒரு நிலையாய் இருந்ததில்லை. முதலில் 'அண்டர்டேக்கர்', அதாவது பொறுப்பேற்பவர். எந்தக் காரியத்தை ஏற்பவருக்கும் பொருந்தியிருந்த சொல், பிறகு பிணத்தோடு ஒட்டிக்கொண்டு கறுத்துப்போனது. 1882இல் தேசியச் சங்கம் கண்டவர்கள் 'ஃபியூனரல் டைரக்டர்' ஆனார்கள். 1895இல் ஒரு தொழில் இதழ் 'மார்டிசியன்' என்றொரு சொல்லைக் கட்டியது. மருத்துவரைக் குறிக்கும் 'ஃபிசிஷியன்' போல ஒலிக்க வேண்டும் என்ற ஆசையில் பிறந்த சொல் அது. அவர்களுக்கே பத்து ஆண்டுக்கு ஒரு சட்டை.

எழுதுபவர்: மதுரைப் புலவர், செவ்வாய் பிற்பகல்

> அப்படியே போட்டுவிட்டு

அப்படியே போடுவதற்கு ஒரு குழு எதற்கு, பொறியாளரே? தட்டச்சு இயந்திரம் போதுமே.

அம்மா, உங்கள் கேள்விக்கு மணிமேகலையில் விடை இருக்கிறது. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைத் திறங்கள்.

'சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர்
தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்'

ஐந்து முறைகளையும் இரண்டே அடியில் வகுத்துவிட்டார் சாத்தனார். 'இடுவோர்' என்ற ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். இடுதலிலிருந்து இடுகாடு வந்தது. 'இடுவர்' என்று தொழிற்பெயர் ஆக்கலாம், 'இடுவியல்' என்று படிப்புக்கும் பெயர் தரலாம். இன்னும் பொதுச்சொல் வேண்டுமானால் 'ஈமம்' இருக்கிறது. 'பெருங்காட்டுப் பண்ணிய கருங்கோட்டு ஈமம்' என்று புறநானூற்றில் பெருங்கோப்பெண்டு சொன்ன ஈமம்.

ஈமம் என்பதன் வேரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வே என்றால் எரிதல், வெந்துபோதல். வே என்பதிலிருந்து வேமம், வேமம் வகரம் கெட்டு ஏமம், ஏமம் திரிந்து ஈமம். காவல் என்ற பொருளுள்ள ஏமமும் இதுவே. உடலைக் காக்கும் தீ என்று முன்னோர் கருதியிருக்கலாம். எழுத எழுத விரிகிறது. தனிக் கட்டுரையாக அனுப்புகிறேன்.

எழுதுபவர்: கோவைப் பொறியாளர், செவ்வாய் மாலை

வகரம் எங்கே கெட்டது, யார் கண்டார்கள்? ஒரே நாளில் எரிப்பதையும் காப்பதையும் ஒரு வேரில் கட்டிவிட்டீர்கள், ஐயா. 'இடுவர்' என்று போட்டால் வாசகர் 'என்னத்தை?' என்பார். முட்டையா, கோலமா, கையெழுத்தா?

எழுதுபவர்: யாழ்ப்பாணத்து ஆசிரியர், செவ்வாய் இரவு

தங்கைக்கு, எங்கள் பக்கத்தில் இந்தச் சிக்கலே இல்லை. உடலைப் பொறுப்பேற்றுப் பார்வைக்கு வைக்கும் இடம் 'மலர்ச்சாலை'. மரண அறிவித்தல் எதையும் பாருங்கள். அன்னாரின் பூதவுடல் இன்ன மலர்ச்சாலையில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டு, பின்னர் இன்ன மயானத்தில் தகனம் செய்யப்படும் என்றுதான் இருக்கும். எனவே 'மலர்ச்சாலை முகாமையாளர்', 'மலர்ச்சாலைக் கற்கைநெறி'. உங்கள் வாசகரில் பாதிப்பேர் டொரன்டோவில் இருக்கும் எங்கள் ஆட்கள்தானே?

எழுதுபவர்: மதுரைப் புலவர், புதன் காலை

மலர்ச்சாலை என்றால் எங்கள் ஊரில் பூக்கடை, ஆசிரியரே. பூச்செண்டு கட்டக் கற்றுத்தரும் பட்டம் என்று எண்ணிப் பிள்ளையைச் சேர்த்துவிடுவார்கள். மேலும் அது சிங்களத்தின் 'மல் சாலாவ' என்பதன் நிழல் அல்லவா?

எழுதுபவர்: யாழ்ப்பாணத்து ஆசிரியர், புதன் காலை

நிழலாகவே இருக்கட்டும். மலரும் சாலையும் தமிழில் நடப்பவைதானே? வடமொழிக்கு ஆயிரம் ஆண்டு வாசலைத் திறந்து வைத்தவர்கள், அயல்வீட்டுக்காரன் வந்தால் மட்டும் கதவைச் சாத்துவது என்ன நீதி?

எழுதுபவர்: பினாங்கு ஆசிரியை, புதன் பிற்பகல்

இங்கே செய்தித்தாளில் 'நல்லுடல்', 'நல்லடக்கம்' என்றுதான் எழுதுகிறோம். 'நல்லடக்கச் சேவையாளர்' சரிவருமா? எரித்தாலும் புதைத்தாலும் எங்களில் பலர் நல்லடக்கம் என்றே சொல்லிவிடுவோம். அது பிழை என்று என் மாணவர்களைத் திருத்துவதும் நான்தான்.

எழுதுபவர்: மதுரைப் புலவர், புதன் பிற்பகல்

அம்மா, மலேசியத் தமிழுக்கு என் வணக்கம்! தகுதி வழக்கின் மூன்று வகையில் மங்கலம் என்று நன்னூல் சொல்கிறதே, அதற்கு உரைகாரர் தரும் எடுத்துக்காட்டே சுடுகாட்டை 'நன்காடு' என்பதுதான். நாங்கள் இங்கே அதைத் தேர்வுத்தாளில் மட்டும் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். நீங்கள் அதே முறையில் நல்லுடல், நல்லடக்கம் என்று புதுச்சொல் படைத்துச் செய்தித்தாளில் ஓட்டுகிறீர்கள். இலக்கணம் கப்பலேறிப் போய் அங்கே உயிரோடு இருக்கிறது.

எழுதுபவர்: டொரன்டோ மொழிபெயர்ப்பாளர், புதன் இரவு

ஐயா, எல்லாம் அருமை. ஆனால் நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. 'ஈமக்கடன் மேலாளர்' எப்படி?

எழுதுபவர்: கோவைப் பொறியாளர், புதன் இரவு

எத்தனை விழுக்காடு வட்டி என்று கேட்பார்கள்.

எழுதுபவர்: சென்னை மருத்துவர், வியாழன் காலை

நான் உடற்கூறியல் துறையில் இருப்பவள். பெயரைப் பற்றி உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். என் கவலை எம்பாமிங். நூலில் 'உடல் பதப்படுத்தல்' என்று வந்துவிடக் கூடாது. பதப்படுத்துவது தோலை, மீனை, மாங்காயை. எங்கள் மேசையில் நடப்பது வேறு. கழுத்துத் தமனி வழியாக ஃபார்மால்டிஹைடு கலந்த திரவத்தைச் செலுத்துகிறோம். பக்கத்துச் சிரை வழியாக இரத்தம் வெளியேறுகிறது. பிறகு நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் தனியாகச் செலுத்த வேண்டும். இந்தியாவில் இதற்கென்று தனிப்பட்டப்படிப்பு வளரவில்லை. விமானத்தில் உடலை அனுப்ப எம்பாமிங் சான்றிதழ் கேட்பார்கள். அப்போது குடும்பத்தினர் மருத்துவக் கல்லூரிக்கு ஓடி வருவார்கள். சான்றிதழில் கையெழுத்து மருத்துவருடையது. கை பெரும்பாலும் கடைநிலை உதவியாளருடையது. அவருக்கு ஃபார்மால்டிஹைடின் ஆபத்தை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது. காற்றோட்டம், கையுறை, அளவு என்று அந்த மினசோட்டா ஆய்வகத்தில் சொல்லித்தரும் பகுதியைத் தயவுசெய்து சுருக்கிவிடாதீர்கள்.

2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தபோதே 'எம்பாமிங்' தமிழ்நாட்டுத் தேநீர்க்கடை வரைக்கும் போய்விட்டது. அதை அப்படியே விடலாம்.

எழுதுபவர்: மதுரைப் புலவர், வியாழன் காலை

விடலாகாது! பரதன் வரும்வரை தசரதன் உடலைத் தைலத்தில் இட்டுக் காத்தார்கள். கம்பனில் அந்தப் படலத்தின் பெயரே 'தைலமாட்டு'. எம்பாமிங் என்பது தைலமாட்டு. தைலம் வடசொல் என்று யாரும் கிளம்புவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். திலம் என்றால் எள், அதிலிருந்து தைலம். நம் எண்ணெயும் எள்நெய்தான். ஆகவே 'எண்ணெயாட்டு' என்றும் ஆக்கலாம்.

எழுதுபவர்: சென்னை மருத்துவர், வியாழன் காலை

ஐயா, எண்ணெயாட்டு என்றால் செக்கு. மருத்துவக் கல்லூரி வாசலில் எள் மூட்டையோடு வந்து நிற்பார்கள்.

எழுதுபவர்: திருநெல்வேலி உறுப்பினர், வியாழன் பிற்பகல்

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வேலைக்குத் தமிழில் பெயர் இல்லாதது போல எல்லோரும் தேடுகிறீர்கள். எங்கள் ஊரில் பெயர் இருக்கிறது. வெட்டியான். என் தாத்தாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அதுவும் ஒருமையில். அதற்கு மினசோட்டா வரை போக வேண்டாம். அந்தத் தெருவில் பிறந்தால் போதும்.

எழுதுபவர்: கோவைப் பொறியாளர், வியாழன் பிற்பகல்

தம்பி, மன்னிக்க வேண்டும். குழி வெட்டுவதால் வெட்டியான் என்று நினைத்து, அது வெறும் தொழிற்பெயர்தானே என்று நான் ஒரு முறை வேறொரு இழையில் எழுதியது நினைவுக்கு வருகிறது.

எழுதுபவர்: மதுரைப் புலவர், வியாழன் மாலை

குழி வெட்டுவது அல்ல. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்பது கூலி இல்லாமல் வாங்கும் கட்டாய வேலை. இன்றும் வெட்டிவேலை என்கிறோமே. வெட்டியான் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததே என்பது என் எண்ணம். கூலி கொடுக்காதவன் வைத்த பெயர். இதில் என் வேர்ச்சொல் விளையாட்டுக்கு இடமில்லை. தம்பி சொன்னதற்கு மேல் இந்தச் சொல்லைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

எழுதுபவர்: பினாங்கு ஆசிரியை, வியாழன் மாலை

ஒன்று கவனித்தீர்களா? அமெரிக்காவில் இப்போது இந்தப் படிப்பில் சேர்பவரில் பெண்களே அதிகம். 'ஆன்' விகுதிச் சொல் எதுவுமே அங்கே நிற்காது. பெண் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று வளர்ந்த நமக்கு, அந்தப் பெண்ணைக் குறிக்க ஒரு சொல் தேட வேண்டியிருக்கிறது.

எழுதுபவர்: கோவைப் பொறியாளர், வியாழன் இரவு

புதுச் சொல் ஒன்று ஏற்கெனவே தெருவில் ஓடுகிறது: 'அமரர் ஊர்தி'. வண்டியில் எழுதியிருப்பதை யாரும் அகராதி பார்த்துப் புரிந்துகொள்வதில்லை. ஆகவே 'அமரர் பணியாளர்'.

எழுதுபவர்: யாழ்ப்பாணத்து ஆசிரியர், வியாழன் இரவு

தேவர்களுக்கு வேலை பார்ப்பவர் என்று சமயபாட மாணவர் எழுதுவார். 'நீத்தார் பணி' என்று யாரும் தொடங்குவதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். குறளில் நீத்தார் என்றால் துறவிகள். மடத்துச் சமையற்காரர் என்று பொருளாகும்.

எழுதுபவர்: டொரன்டோ மொழிபெயர்ப்பாளர், வெள்ளி அதிகாலை

தூக்கம் போயிற்று. எண்ணிப் பார்த்தேன். ஈமம் வேண்டும் என்று மூவர் (இருவர் எனக்குத் தனியாக எழுதியவர்கள்), மலர்ச்சாலை ஒருவர், நல்லடக்கம் ஒருவர், அமரர் ஒருவர், எதுவும் வேண்டாம், தூங்குங்கள் என்று என் கணவர்.

'ஈமப்பணி இயக்குநர்' என்றும் 'ஈமப்பணியியல்' என்றும் போட்டேன். ஈமத்துக்கு விறகடுக்கு என்ற பொருள் இருப்பது தெரியும். புதைப்பவர்க்கும் பொருந்த அதைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். வடிவமைப்பாளர் அட்டவணைக் கட்டத்தில் இடம் போதவில்லை என்றார். இயக்குநரில் நகரமா னகரமா என்று அவர் கேட்ட கணத்தில் இயக்குநரையே எடுத்துவிட்டேன். இப்போது 'ஈமப்பணியர்'. எம்பாமிங் எம்பாமிங்காகவே இருக்கிறது. ஆய்வகப் பாதுகாப்புப் பத்தியைச் சுருக்கவில்லை, மருத்துவரம்மா. செலவுப் பட்டியலை எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்று 1984இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதியையும் சேர்த்திருக்கிறேன். நம் பெற்றோர் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

எழுதுபவர்: மதுரைப் புலவர், வெள்ளி காலை

'இடுவர்' தோற்றதை ஏற்கிறேன், 'எம்பாமிங்' வென்றதை ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் சொல்லுங்கள்.

எழுதுபவர்: யாழ்ப்பாணத்து ஆசிரியர், வெள்ளி காலை

எங்கள் பள்ளிக்கு வரும் பிரதிகளில் பேனாவால் மலர்ச்சாலை என்று திருத்திக்கொள்கிறேன்.

எழுதுபவர்: திருநெல்வேலி உறுப்பினர், வெள்ளி காலை

ஈமப்பணியர் எனக்குச் சம்மதம். குழுவின் சொற்பட்டியலில் ஏற்றும்போது, 'வெட்டியான்: காண்க ஈமப்பணியர்' என்று மட்டும் போட வேண்டாம். அந்தச் சொல்லுக்குத் தனிப்பதிவு இருக்கட்டும், புலவர் ஐயா சொன்ன கல்வெட்டுப் பொருளோடு.

எழுதுபவர்: பினாங்கு ஆசிரியை, வெள்ளி காலை

41ஆம் பக்கத்தில் ஒரு வரியில் 'பேழை' என்றும் அடுத்த வரியில் 'சவப்பெட்டி' என்றும் இருக்கிறது. அச்சகத்துக்குப் போய்விட்டதா?