சுகர் பூனை திடீரென்று சாப்பாட்டைத் தொடாமல் போனால்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மாடிவீட்டு மணி

எங்கள் பூனை மணிக்குச் சுகர் வந்து ரொம்ப நாளாகிறது. லாண்டஸ் இன்சுலின், காலை மாலை ஊசி, பவுச் சாப்பாடு, எல்லாம் பழகிப்போன விஷயம், இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் தட்டை வைத்தேன். வழக்கம்போல ஓடி வந்தான், முகர்ந்தான், உதட்டை நக்கினான், எச்சிலை விழுங்கினான், மறுபடி நக்கினான், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். என் கையில் மருந்து ஏற்றிய சிரிஞ்சு. காதோரத்தில் குத்திப் பார்த்தால் சுகர் 342. சாப்பிடவில்லை என்றால் சுகர் இறங்கத்தானே வேண்டும், ஏன் ஏறியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்தேன். இன்று பாதி டோஸ் போட்டு உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். சிறுநீரில் கீட்டோன் (உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வருவது) இருந்தது, ஸ்கேனில் கணையம் வீங்கியிருந்தது. டிரிப்ஸ் ஏற்றி, அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்.

ஆனால் அந்த உதடு நக்கல் என்னை விடவே இல்லை. அது குமட்டலின் அடையாளம் என்று டாக்டர் சொன்னார். அப்படியென்றால் அவனுக்குப் பசி இருந்திருக்கிறது, சாப்பிட ஆசைப்பட்டுத்தான் ஓடி வந்திருக்கிறான், வயிறு விடவில்லை. குமட்டலை அடக்குகிற மாரோபிடன்ட் ஊசி போட்ட பிறகுதான் கொஞ்சம் நக்கிச் சாப்பிட ஆரம்பித்தான். உங்கள் வீடுகளில் இது எப்படித் தொடங்கியது என்று தெரிந்துகொள்ள வேண்டும், எழுதுங்கள்.

நெல்லைத் திண்ணை

எங்கள் வீட்டில் காரணம் கணையம் இல்லை, பல். ட்ரை ஃபுட் ஒரு உருண்டையை வாயில் எடுத்தாள், கடித்த அந்த நொடியில் வீறிட்டுக் கத்திக்கொண்டு பின்னாலேயே பாய்ந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு முன்னால் மெதுவாகச் சாப்பிடுகிறாள், வயதாகிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டோம். மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் ஈறுக்குக் கீழே பல் கரைந்துபோயிருந்தது தெரிந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல்லை எடுத்த பிறகு இன்னொரு விஷயம், இன்சுலின் தேவை குறைந்துவிட்டது. வாயில் புண்ணும் சீழும் இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாதாம், அது சரியானதும் பழைய டோஸ் அதிகமாகிவிடும். அதனால் பல் எடுத்தவர்கள் அடுத்த சில வாரம் சுகரை அடிக்கடி பாருங்கள்.

கோவை_கறுப்பி

ஊசிக்கு முன்னால் சாப்பாடு, எங்கள் வீட்டில் இது சட்டம். காரணம் சொல்கிறேன். கறுப்பி அன்று முழுத் தட்டும் சாப்பிட்டாள், ஊசி போட்டேன், கொஞ்ச நேரத்தில் சாப்பிட்ட அத்தனையும் வாந்தி. ஊசி உள்ளே போய்விட்டது, சாப்பாடு வெளியே வந்துவிட்டது. மறுபடி தட்டு வைத்தால் தொடவில்லை. நடு இரவில் ஹாலில் ஏதோ இடிக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள், ஒரு அடி எடுத்து வைக்கிறாள், தலை சுவரில் முட்டுகிறது, அப்படியே நிற்கிறாள், மறுபடி ஒரு அடி. கூப்பிட்டால் திரும்பவில்லை. கண் விரிந்து கறுப்பாக இருந்தது. சுகர் 38.

தேனை விரலில் எடுத்து ஈறில் தேய்த்தேன். வாய்க்குள் ஊற்றக் கூடாது, நினைவு சரியாக இல்லாதபோது நுரையீரலுக்குப் போய்விடும். ஈறில் தேய்த்தால் போதும், அதன் பிறகும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஏனென்றால் தேன் தீர்ந்த பிறகும் ஊசி வேலை செய்துகொண்டுதான் இருக்கும். போனோம், பிழைத்தாள். அதிலிருந்து நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: சாப்பிடவில்லையா, ஊசியை நிறுத்துங்கள். ஒரு வேளை சுகர் ஏறினால் பூனை சாகாது, இறங்கினால் போய்விடும்.

இரண்டுபூனைக்காரி

கறுப்பி அம்மா, உங்கள் இரவு எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தக் கடைசி வரியை அப்படியே விட முடியவில்லை. எங்களுக்கும் போனில் அதைத்தான் சொன்னார்கள். சாப்பிடுகிற வரைக்கும் இன்சுலின் வேண்டாம் என்றார்கள், நாங்களும் நிறுத்தினோம். அவன் சாப்பிடவே இல்லை, அதனால் ஊசியும் இல்லை, அப்படியே ஓடியது. இன்சுலின் இல்லாமல் உடம்பால் சர்க்கரையை எடுத்துக்கொள்ள முடியாது, கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும், அதில் வருவதுதான் கீட்டோன், அந்தக் கீட்டோனே குமட்டலைக் கிளப்பிச் சாப்பாட்டை இன்னும் தள்ளிவிடும். அவன் தலையை என் மடியில் வைத்திருந்தபோது மூச்சில் நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தின் வாசனை வந்தது. என் தங்கை உள்ளே வந்து, யார் நகப்பூச்சு அழிக்கிறீர்கள் என்று கேட்டாள். வீட்டில் ஒருவரும் இல்லை, பூனைதான்.

உள்நோயாளியாக வைத்து டிரிப்ஸ், வேகமாக வேலை செய்கிற இன்சுலின், பொட்டாசியம் எல்லாம் கொடுத்துத்தான் மீட்டார்கள். எங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது ஊசி போட்டது இல்லை, போடாமல் விட்டது. சுகர் குறைவாக இருந்து சாப்பிடவும் இல்லை என்றால் நிறுத்துங்கள், அதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. சுகர் அதிகமாக இருந்து சாப்பிடவில்லை என்றால் அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோய். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போடாதீர்கள், மணி வீட்டில் 342 இருந்ததை மேலே பாருங்கள்.

மருந்துக்கடை அண்ணன்

எங்கள் பூனை ஒரு முறை சாப்பிடாமல் இருந்தது, மலச்சிக்கல், எனிமா கொடுத்ததும் சரியாகிவிட்டது. சுகர் பூனைக்கு அதிகமாகச் சிறுநீர் போய் உடம்பில் நீர் வற்றினால் இதுவும் வரும். என் கதை அவ்வளவுதான். ஆனால் கடையில் நிற்பவனாக நான் பார்ப்பதை எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும்.

நம் ஊரில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் வருகிறது, ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40க்கு உள்ள சிரிஞ்சு சிவப்பு மூடி, 100க்கு உள்ளது ஆரஞ்சு மூடி. லாண்டஸ் 100. நாய்க்கும் பூனைக்கும் என்றே வருகிற கேனின்சுலின் 40. லாண்டஸை வாங்கிக்கொண்டு சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால், 1 என்ற கோட்டில் நிற்பது உண்மையில் இரண்டரை யூனிட். நாலு கிலோ பூனைக்கு அது என்ன செய்யும் என்று கறுப்பி அம்மா எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் தாத்தாவுக்குப் போடுகிற சிரிஞ்சு இருக்கிறதே, அதையே பயன்படுத்தலாமா என்று கேட்டு வருகிறார்கள், புட்டியையும் சிரிஞ்சையும் ஒன்றாகக் கொண்டுவந்து காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். அப்புறம் மனிதர்களுக்கான சுகர் மிஷின் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைவாகக் காட்டும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அது போதும், ஆனால் டாக்டரிடம் எண்ணைச் சொல்லும்போது எந்த மிஷின் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளினிக்கில் எடுக்கிற எண்ணையும் முழுதாக நம்ப முடியாது, பயத்திலேயே பூனைக்குச் சுகர் தாறுமாறாக ஏறும். கீட்டோன் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வீட்டில் வையுங்கள், மனிதர்களுக்கு விற்பதே போதும், பூனை சிறுநீர் கழிக்கிற மண் தட்டில் ஒரு ஓரமாகச் சிறுநீரில் தொட்டால், கீட்டோன் இருந்தால் நிறம் மாறும். சாப்பிடவில்லை என்று காய்ச்சல் மாத்திரை கேட்டு வருகிறார்கள், பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரு மாத்திரையே கொன்றுவிடும், சுகர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கோழிச்சாறு வைத்துக் கொடுப்பவர்கள் வெங்காயம் பூண்டு போடாமல் வெறும் தண்ணீரில் வேகவையுங்கள், இரண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். தோல் அரிப்புக்கு என்று எங்காவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அது சுகரை ஏற்றும். இதை எல்லாம் யாரும் கேட்கவில்லை, தெரியும். கேட்காதவர்களுக்குத்தான் இது தேவைப்படுகிறது.

நியூஜெர்சி ஜன்னல்

இங்கே கதை வேறு. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் பெக்ஸாகேட் என்று ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள், 2023ல் சென்வெல்கோ என்ற திரவ மருந்து வந்தது. ஊசியே வேண்டாம், தினம் ஒரு வேளை. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிற மருந்து. எங்கள் பெண் பூனைக்கு அந்த மாத்திரையைத்தான் தொடங்கினோம், எண்கள் அழகாக இறங்கின.

ஒரு வாரக் கடைசியில் சாப்பாட்டை விட்டாள். மிஷினில் 130. என் கணவர் எண்ணைப் பார்த்துவிட்டு, அப்பாடா, சுகர் இல்லை, வேறு ஏதோ வயிற்றுக் கோளாறு என்றார். எனக்கும் அந்த எண்ணைப் பார்த்ததும் மூச்சு வந்தது. ஆனால் மருந்து டப்பாவோடு கொடுத்த தாளில், சாப்பிடாவிட்டால் மருந்தை நிறுத்தி உடனே கூப்பிடு என்று பெரிதாகப் போட்டிருந்தது, அதனால் கூப்பிட்டேன். சுகர் சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் உச்சத்தில் இருந்தது. இந்த மருந்தில் அப்படித்தான் வருமாம், சுகரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நேராகத் தீவிர சிகிச்சை, இன்சுலின், கூடவே குளுக்கோஸ் டிரிப்ஸ், இரண்டும் ஒரே நேரத்தில். இப்போது அவள் ஊசியில் இருக்கிறாள். அந்த 130 என்ற எண் எங்கே தெரிந்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. இரண்டுபூனைக்காரி சொன்ன சுகர் அதிகம், சுகர் குறைவு கணக்கு இந்த மாத்திரை எடுக்கிற பூனைக்குப் பொருந்தாது. சாப்பிடவில்லை என்பதே போதும், எண் எதுவாக இருந்தாலும் கிளம்புங்கள்.

வெள்ளவத்தை மழை

நான் கொழும்பில் இருந்து எழுதுகிறன். எங்கட பெடியன் கொழுத்த பூனை, சுகர் பிடிபட்ட புதிதில் சாப்பாட்டை விட்டுவிட்டான். கட்டாயப்படுத்தி ஊட்டுங்கோ என்று எல்லாரும் சொன்னார்கள். சிரிஞ்சில் அரைத்த சாப்பாட்டைக் கடைவாயால் விட்டோம், அவன் நுரை தள்ளினான், பிறகு கிண்ணச் சத்தம் கேட்டாலே ஓடி ஒளித்தான். யன்னல் வெயிலில் படுத்திருந்தபோது காதின் உள்பக்கத்தைப் பார்த்தேன், மஞ்சள் பூசிய மாதிரி இருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறும் மஞ்சள்.

ஈரல் முழுக்கக் கொழுப்பு ஏறிவிட்டது என்றார் டொக்டர். கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு எல்லாம் ஈரலுக்குப் போய் அடைத்துவிடுமாம், நாய்க்கு இப்படி வருவது குறைவு. கழுத்துப் பக்கமாக உணவுக்குழாய்க்குள் ஒரு குழாய் வைத்தார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது, ஆனால் அதுதான் அவனைக் காப்பாற்றியது. அரைத்து, வடித்து, இளஞ்சூட்டில், மெதுவாக மெதுவாகத் தள்ள வேணும், முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேணும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அவன் மடியில் கிடந்து, வாயைத் திறக்காமலே வயிறு நிறைந்து, நித்திரை கொள்ளுவான். எவ்வளவு உள்ளே போகுது என்று எங்களுக்குத் தெரியும், அதனால் இன்சுலினையும் கணக்காகப் போட முடிந்தது. வாரக்கணக்கில் இப்படியே போன பிறகு ஒரு நாள் நான் சூடை மீன் கழுவிக்கொண்டிருக்க, குழாயோடு வந்து ஒரு மீன் தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டான். அம்மா அந்த நேரமே கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தா.

குழாய் என்றால் கடைசிக் கட்டம் என்று நினைத்து மறுக்காதேங்கோ, முதலே கேளுங்கோ. சிரிஞ்சால் ஊட்டுவது எல்லாப் பூனைக்கும் சரிவராது.

கோவை_கறுப்பி

இரண்டுபூனைக்காரி, நியூஜெர்சி, இருவருக்கும்: நான் எழுதியது ஊசி போடுகிற, சுகர் கட்டுக்குள் இருக்கிற பூனைக்கு. கீட்டோனைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை, இங்கே படித்துத்தான் தெரிந்தது. நிறுத்துங்கள் என்று எழுதியதோடு, நிறுத்தியவுடன் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஆனால் எண்ணைப் பார்க்காமல் பழக்கத்தில் முழு டோஸையும் போடுவதை நான் எப்போதும் எதிர்ப்பேன்.

மாடிவீட்டு மணி

ஒரு சந்தேகம், அண்ணன் இருந்தால் சொல்லுங்கள். அன்று டாக்டர் பாதி டோஸ் என்றபோது மணிக்கு இரண்டு யூனிட் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் ஒன்று என்று எளிதாகப் போட்டேன். இப்போது அவனுக்கு ஒரு யூனிட்தான். இனி பாதி என்றால் எப்படி இழுப்பது?

மருந்துக்கடை அண்ணன்

லாண்டஸ் பேனாவை (பேனா மாதிரி இருக்கிற ஊசி) திருகினால் ஒவ்வொரு யூனிட்டாகத்தான் நகரும், அரை வராது. 100 யூனிட் சிரிஞ்சிலேயே 0.3 மில்லி சிறியது வருகிறது, அதில் அரை யூனிட்டுக்கும் கோடு போட்டது கேட்டு வாங்குங்கள், எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள். கோடு இல்லாததில் கண் மதிப்பாக இழுக்காதீர்கள். இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள் மேடம், அவன் சாப்பிடாத நாளில் தேடி அலைய முடியாது.