நவாஹோ கம்பளமும் டீக்கறையும்: உங்கள் அனுபவம் என்ன?

அரிசோனாவுக்கு வந்த இரண்டாம் வருடம், அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோக்கள் வாழும் கனாடோவில் ஹபல் டிரேடிங் போஸ்டுக்குப் போனோம். 1878-இல் தொடங்கிய கடை. இப்போது தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே மூன்றடிக்கு ஐந்தடியில் ஒரு கம்பளம் வாங்கினேன். கறுப்பு, வெள்ளை, சாம்பல், நடுவில் கனாடோ சிவப்பு. விலையை அம்மாவிடம் இன்றுவரை பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் மகன் அதில் டீயைக் கொட்டிவிட்டான். நான் பதறிப்போய் ஈரத்துணியால் தேய்தேய் என்று தேய்த்தேன். டீ போய்விட்டது, ஆனால் சிவப்புச் சாயம் வெள்ளைக்குள் இறங்கிவிட்டது. காய்ந்த வெள்ளைத் துணியை வைத்து ஒற்றி எடுத்திருந்தாலே போதுமாம்.

பழுது பார்க்கும் நவாஹோ அம்மா ஒருவரிடம் கொண்டுபோனேன். சாயத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “எப்படித் தூசி தட்டுவீர்கள்?” என்று கேட்டார். ஜமுக்காளத்தை உதறுவதுபோல் மாடியில் நின்று உதறுவேன் என்றேன். அதற்குத்தான் நிஜமாகக் கோபப்பட்டார். இந்தக் கம்பளத்தில் குஞ்சம் தொங்காது; நீளவாக்கில் போகும் பாவு நூல் அறுபடாமல் மேலும் கீழுமாகத் திரும்பித் திரும்பி ஓடுகிறது. உதறும்போது ஓரம் சாட்டைபோல் சொடுக்கி, அந்தத் திருப்பத்தில்தான் நூல் அறுமாம். இப்போது சுழலும் பிரஷ் இல்லாத வாக்குவம் மட்டும், இரண்டு பக்கமும். இதற்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது, அதனால் அவ்வப்போது புரட்டியும் போடுகிறேன்.

*

என் நவாஹோ கம்பளத்துக்கு வில்லன் டீ இல்லை, அந்துப்பூச்சி. மடித்தால் மடிப்பில் நூல் நைந்துவிடும் என்று, சமர்த்தாகச் சுருட்டித்தான் அலமாரியில் வைத்தேன். வைத்ததோடு சரி, ஒரு வருடம் திறந்தே பார்க்கவில்லை. பிரித்தால் மணல்போல் எச்சம், நடுவில் குறுக்கு நூலான ஊடை போய்ப் பாவு மட்டும் பல்லிளிக்கிறது. இருட்டும் அசையாத கம்பளியும் அதற்குச் சொர்க்கம். பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தேன். வெளியே எடுத்துப் பிரிக்காமல் ஒரு நாள், அப்புறம் மறுபடி ஒரு வாரம். அந்துருண்டை போடலாம் என்பார்கள். அந்த நாற்றத்தோடு யார் குடித்தனம் நடத்துவது?

*

என்னுடையதில் மூலையருகே கரையைக் கிழித்துக்கொண்டு மெல்லிய கோடு ஒன்று ஓரம்வரை ஓடியது. நெசவுப் பிழை என்று நினைத்து, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று நெய்தவரிடம் கேட்டே விட்டேன். நெய்தவரின் மனம் கரைக்குள் சிக்கிக்கொள்ளாமல் வெளியே வர விட்ட வழியாம் அது. நல்லவேளை, அவர் சிரித்துவிட்டார்.