மறு: கலைச்சொல் - ஆட்டமும் கதையும் ஒட்டாததற்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். நம் வீடியோ கேம் கலைச்சொல் பட்டியலுக்காக, விளையாட்டின் கதையும் நாம் ஆடும் ஆட்டமும் ஒத்துப்போகாததைக் குறிக்கும் "லூடோநேரட்டிவ் டிசொனன்ஸ்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த இழையில் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் கொடுத்தது இது:

> லூடோநேரட்டிவ் டிசொனன்ஸ் = விளையாட்டியல் எடுத்துரைப்பு இயைபின்மை

ஐயா, பிரித்துப் பார்த்தால் மூன்று துண்டும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வியாசர்பாடியில் ராத்திரி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காரும் பையன் வாயில் இது நுழையாது. அவன் "கதை செட் ஆவல" என்று சொல்லிவிட்டு அடுத்த மிஷனுக்குப் போய்விடுவான். அந்த "செட் ஆவல"வுக்குள் என்னென்ன கிடக்கிறது என்று முதலில் பார்ப்போம், அப்புறம் சொல் தேடலாம். என் கணக்கில் அதற்குள் இரண்டு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. நாம் ஒரே சொல்லால் இரண்டையும் மூடப் பார்க்கிறோம், அதனால்தான் இத்தனை நாளாக இழுக்கிறது.

முதலில் சொல் பிறந்த இடம். 2007இல் கிளின்ட் ஹாக்கிங் (ஃபார் கிரை 2 என்ற விளையாட்டின் படைப்பு இயக்குநர்) பயோஷாக் விளையாட்டைப் பற்றித் தன் வலைப்பதிவில் எழுதியபோது வந்தது. பயோஷாக்கில் கடலுக்கு அடியில் ஒரு நகரம், தன்னலமே அறம் என்று நம்பிக் கட்டிய நகரம். அங்கே திரியும் சின்னப் பெண்குழந்தைகளிடம் ஆடம் என்ற சரக்கு இருக்கிறது, நமக்குப் புதுச் சக்திகள் வாங்க அதுதான் காசு. குழந்தையைக் கொன்று எடுத்தால் 160 கிடைக்கும், காப்பாற்றி விட்டால் 80தான். ஆக ஆட்டம் நம்மிடம் "உன் லாபத்தைப் பார்" என்கிறது, வேண்டாமென்றால் விலகிக்கொள்ளவும் வழி வைக்கிறது. கதையோ ரேடியோவில் பேசும் அட்லஸ் என்பவனுக்கு நாம் உதவியே தீரவேண்டும் என்கிறது, மாட்டேன் என்று சொல்ல இடமே இல்லை. ஒரு பக்கம் தன்னலம், மறுபக்கம் பிறனுக்கு ஊழியம். ஹாக்கிங்கைக் கடுப்பேற்றியது இதுதான். (மூன்று குழந்தைகளைக் காப்பாற்றினால் 200 ஆடம் பரிசாக வரும். கணக்குப் போட்டால் மூன்றையும் கொன்றால் 480, காப்பாற்றினால் 440, பெரிய தியாகமெல்லாம் இல்லை. அது வேறு சண்டை.)

இங்கே கதை, ஆட்டம் இரண்டுமே வாய் திறந்து பேசுகின்றன, ஒன்றுக்கொன்று எதிராகப் பேசுகின்றன. இதற்கு முரண் என்ற சொல் போதும், சங்கடமே இல்லை.

ஆனால் இந்த இழையில் மற்றவர்கள் கொடுத்த எடுத்துக்காட்டுகளில் பாதி இந்த வகையே கிடையாது. 2000களின் தொடக்கத்தில் வடசென்னை பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கு "ரிப்" சிடி ஞாபகம் இருக்கும். அளவைக் குறைப்பதற்காகக் கதை சொல்லும் வீடியோக்களையும் இசையையும் வெட்டிவிட்ட பதிப்பு. வில்லன் யார், அவனை எதற்குச் சுடுகிறோம், நடுவில் ஏன் திடீரென்று பனிமலை வந்தது, ஒன்றும் தெரியாமலே விளையாட்டை முடித்தோம். யாருக்கும் குறை தெரியவில்லை. எதையோ வெட்டியிருக்கிறார்கள் என்பதே பல பேருக்குத் தெரியாது. வெட்டி எடுத்தாலும் ஆட்டம் நொண்டாமல் ஓடுகிறது என்றால் அந்தக் கதை ஆட்டத்தோடு முரண்படவும் இல்லை, சேரவும் இல்லை, சும்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஹாஃப்-லைஃப் என்ற சுடும் விளையாட்டை (1998) அப்படி வெட்ட முடியாது. அதில் வெட்டியெடுக்கத் தனி வீடியோவே இல்லை. ஆரம்பத்தில் கதாநாயகன் கார்டன் ஃப்ரீமேன் வேலைக்குப் போகும் அந்த நீண்ட டிராம் பயணம்கூட நம் கட்டுப்பாட்டில்தான் நடக்கிறது, பெட்டிக்குள் நடக்கலாம், திரும்பிப் பார்க்கலாம், ஜன்னலில் தெரிவதைக் கவனிக்காமலும் விடலாம். பார்வை அவன் கண்ணை விட்டு ஒரு தடவைகூட வெளியே வராது. வேடிக்கை என்னவென்றால், இப்படிக் கதையை ஆட்டத்துக்குள்ளேயே ஊறவைத்த விளையாட்டின் மேல்தான் 1999இல் இரண்டு அணிகள் சுட்டுக்கொள்ளும் கவுன்டர்-ஸ்டிரைக்கைக் கட்டினார்கள், அதில் கதை என்று மருந்துக்கும் இல்லை. பிரவுசிங் சென்டரை வாழவைத்தது அதுதான். மறுநாள் டீக்கடையில் "கடைசி ரவுண்டுல நான் ஒருத்தன்தான், எதிர்ல நாலு பேரு" என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். கதை இல்லாத விளையாட்டு இத்தனை கதையைக் கொடுத்தது.

டூம் என்ற சுடும் விளையாட்டைச் (1993) செய்யும்போதே, அதைத் தயாரித்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தில் கதை வேண்டுமா வேண்டாமா என்ற இந்தத் தகராறு இருந்தது. விளையாட்டை வடிவமைத்தவர்களில் ஒருவரான டாம் ஹால் "டூம் பைபிள்" என்று பாத்திரங்கள், இடங்கள் என விரிவாக எழுதி வைத்தார். அது பெரும்பாலும் ஓரங்கட்டப்பட்டது, அவரும் அந்த வருடமே வெளியேறினார். விளையாட்டில் கதை என்பது நீலப்படத்தில் கதை மாதிரி, இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள், ஆனால் முக்கியமில்லை என்ற பொருளில் அங்கே புரோகிராமராக இருந்த ஜான் கார்மாக் சொன்னது பிற்பாடு ரொம்பப் பிரபலம். எனக்கு டூம் பிடிக்கும், அந்தக் கருத்து பிடிக்காது. டூமில் கதை வேண்டாம் என்பது சரி, அதை எல்லா விளையாட்டுக்கும் சட்டமாக்கியதுதான் கோளாறு.

நடுவில் நிற்கும் ஒரு கேஸ் கால் ஆஃப் டியூட்டி 4 (2007) என்ற போர் விளையாட்டு. கதைப்படி நாம் புதிதாகச் சேர்ந்த ஆள், கேப்டன் பிரைஸ்தான் பெரிய கை. ஆட்டத்தில் பார்த்தால் பிரைஸும் மற்றவர்களும் சுட்டுக்கொண்டே இருப்பார்கள், ஆனால் பல இடங்களில் நாம் முன்னேறிக் குறிப்பிட்ட இடத்தைத் தாண்டும்வரை எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். தெருவில் ஆடும்போது சின்னப் பையனை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே, கேப்டன் நிலைமை அதுதான். ஆனால் அதே விளையாட்டில் அணுகுண்டு வெடித்த பிறகு ஹெலிகாப்டரிலிருந்து தவழ்ந்து வெளியே வரும் கட்டத்தில், பட்டன்கள் நம் கையில் இருக்கும், செய்ய மட்டும் ஒன்றும் இருக்காது, சாகத்தான் போகிறோம். அங்கே கதையும் ஆட்டமும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரே விளையாட்டில் இரண்டும் நடப்பதால் முழு விளையாட்டுக்கும் முத்திரை குத்தும் சொல்லாக வைத்தால் உதவாது, காட்சி காட்சியாகச் சொல்லத் தோதாக இருக்கவேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: ஹாக்கிங் சொன்னதற்கு ஆட்டக்கதை முரண். வெட்டினாலும் ஆட்டம் கவலைப்படாத கதைக்கு ஒட்டாக்கதை. ஓடாக் குதிரை மாதிரி இலக்கணமும் சரியாக இருக்கிறது, "ரெண்டாவது பாதி முழுக்க ஒட்டாக்கதை மச்சான்" என்று பேசவும் வருகிறது. பிரைஸ் விஷயம் முரண், பனிமலை விஷயம் ஒட்டாக்கதை.

> ஆட்டக்கதை மலையாளத்தில் கதகளி இலக்கியத்தின் பெயர். குழப்பம் வரும்.

வரட்டும் ஐயா. அங்கேயும் ஆடிக் காட்டுவதற்கென்று எழுதிய கதைதானே, பொருள் எட்டப் போகவில்லை. கதகளியைப் பற்றிய கட்டுரையில் யாரும் ஷாட்கன்னைத் தேடப் போவதில்லை.

> கேம்ப்ளே = விளையாடுதன்மை?

வேண்டாம் தம்பி. ஆட்டம் போதும். கேம் விளையாட்டு, கேம்ப்ளே ஆட்டம். கேரம் போர்டில் "அவ ஆட்டம் வேற" என்று சொல்லும்போது என்ன புரிகிறதோ அதேதான். கட்சீனுக்கு (ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கதை சொல்லும் வீடியோ) இடைக்காட்சி ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது, தொடவேண்டாம். ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டருக்கு (சுடுபவன் கண் வழியாகவே பார்த்து ஆடும் விளையாட்டு) "தன்மைச் சுடுகளம்" என்று ஒருவர் போட்டிருந்தார், தன்மை முன்னிலை படர்க்கையை அழகாக எடுத்திருக்கிறார், ஆனால் தன்மை என்றால் பாதிப் பேர் குணம் என்றுதான் படிப்பார்கள், களத்தைப் பார்த்தால் எனக்குச் சுடுகாடு ஞாபகம் வருகிறது. தன்பார்வைச் சுடுவிளையாட்டு என்று வைக்கலாம், நீளம்தான், இதைவிடச் சின்னதாக யாராவது கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் ஆட்டம், ஆட்டக்கதை முரண், ஒட்டாக்கதை மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ரீஸ்பானுக்கு (ஆட்டத்தில் செத்த ஆள் மறுபடி உயிரோடு வருவது) "மறுபிறவி" என்று போட்டிருப்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.