முடி வறண்டு உடையுது, வழி சொல்லுங்க

தோழிகளே, தங்கச்சி முடிக்கு உங்க யோசனை வேணும். நுனி பிளந்து, சீப்பு வச்சாலே பாதியில முறியுது. வேரோட கொட்டலை. ஸ்ட்ரெயிட்டனிங் சூட்டை நிறுத்தியாச்சு. தேங்காய் எண்ணெய் முடி இழைக்குள்ள இறங்கி புரதம் போகாம காக்கும்ங்கிறதால, தலைக்குக் குளிக்கிறதுக்கு முன்னாடியே தடவுறா. முறியறது குறைஞ்சிருக்கு, ஆனா தொட்டா இன்னும் வைக்கோல்தான்.

அடுத்து கற்றாழையா, ஊறவச்ச வெந்தயமா? வெந்தயம் அரைச்சா எவ்வளவு அலசினாலும் திப்பி ஒட்டுமே, வடிகட்டி கொழகொழப்பை மட்டும் தேய்ச்சா போதுமா? எலுமிச்சை வேண்டாம், அது இன்னும் வறட்டும். பிளந்த நுனி திரும்ப ஒட்டாது, வெட்டத்தான் வேணும். ஆனா நீள முடின்னா அவளுக்கு உசிரு, மிச்சத்தையாவது காப்பாத்தணும். செஞ்சு பலன் பார்த்தவங்க, வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஊறணும்னு விவரமா சொல்லுங்களேன்.